காத்தாட விடு: ஒரு டயபர் ராஷின் வரலாறு

சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறவங்க யாராவது இருந்தா, தட்டைக் காலி பண்ணிட்டு வாங்க. இன்னைக்குப் பேசப்போறது பேதியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், நாலு நாள் வயித்தால போன பிறகு குழந்தைக்குப் பின்பக்கம் வெந்துபோகுமே, அந்தப் புண்ணைப் பற்றி.

இது ஒரு வரலாறு பாட்காஸ்ட், இதுல டயபர் ராஷுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நடந்தது இதுதான். என் மகளுக்கு அப்போ ஒன்பது மாசம். லாங் வீக்கெண்ட். மாமல்லபுரம் போய்க் கடல் காட்டிட்டு, திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்தில் என் ஆயா வீட்டில் ரெண்டு நாள் தங்கலாம்னு பிளான். கடலைப் பார்த்த அன்னைக்கு ராத்திரியே பாப்பாவுக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. டாக்டரைப் பார்த்தோம், ஓ.ஆர்.எஸ். கொடுத்தார், துத்தநாக மருந்து எழுதினார். பயப்பட ஒண்ணுமில்லை, தண்ணிச்சத்து குறையாமல் பார்த்துக்கோங்கன்னு அனுப்பிட்டார். வயிறு கட்டுக்குள்ளதான் இருந்தது. ஆனா ரெண்டாவது நாள் சாயங்காலம் டயபரைக் கழற்றினால், தோல் தக்காளி மாதிரி சிவந்திருக்கு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் மனைவியைத் திட்டினேன். "நீ சரியாத் துடைக்கலை, அதான் இப்படி ஆகியிருக்கு"ன்னு. அதோட நிறுத்தலை. "தள்ளு, நான் பாத்துக்கறேன்"னு பொறுப்பை எடுத்துக்கிட்டேன். வாசனை போட்ட வைப்ஸை எடுத்து, துளி மிச்சமில்லாமல், தேய்ச்சுத் தேய்ச்சுத் துடைச்சேன். ராத்திரி முழுக்க ஒவ்வொரு தடவையும். விடியும்போது தோல் உரிஞ்சு, அங்கங்க ரத்தப் பொட்டு. வைப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே குழந்தை வீல்னு கத்துறா.

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிய வயசு. திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏன்டா, பாத்திரமா வெளக்குற? புள்ளடா அது."

அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி கொண்டுவரச் சொன்னாங்க. கையால தண்ணியை ஊத்தி ஊத்திக் கழுவினாங்க, தேய்க்கவே இல்லை. பழைய வேட்டித்துணியால ஒத்தி எடுத்தாங்க. இன்னொரு வேட்டித்துணியை நாலா மடிச்சுக் கீழே போட்டு, குழந்தையை அது மேல குப்புறப் படுக்க வெச்சு, "ஒண்ணும் போடாத. காத்தாட விடு"ன்னாங்க. பாப்பா ராத்திரிக்குப் பிறகு முதல் தடவையா அழுகையை நிறுத்தினா.

இதோட கதை முடிஞ்சிருந்தா, "பாட்டி வைத்தியமே சிறந்தது"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆகியிருக்கும். ஆனா அதே ஆயா, அடுத்த நிமிஷமே என் மனைவிகிட்ட திரும்பி, "வயித்தால போறப்ப பால் குடுக்காதம்மா, இன்னும் போவும். தண்ணியும் கம்மியா குடு"ன்னாங்க. அது தப்பு. சாதாரணத் தப்பு இல்லை, உயிரை எடுக்கிற தப்பு. நல்லவேளையா என் மனைவி அதைக் கேட்கலை.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஒரே மனுஷிக்கு ஒரு விஷயம் மிகச் சரியாகவும், இன்னொரு விஷயம் மிகத் தப்பாகவும் எப்படித் தெரிஞ்சது? படிச்ச நான் ஏன் ரெண்டாவதைச் சரியாகவும் முதலாவதைத் தப்பாகவும் பண்ணேன்? தேட ஆரம்பிச்சேன். தேடத்தேட, ஒரு நூறு வருஷத்துக்கு டாக்டர்களும் என்னை மாதிரியேதான் யோசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சது. புண்ணைப் பார்த்ததும் அம்மாவைக் குற்றம் சொல்றது, அப்புறம் இன்னும் வலுவா எதையாவது போட்டுத் தேய்க்கிறது. அதுதான் இன்னைக்குக் கதை.

கால்வாய் ஓரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, ஈ.சி.ஆரை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. பக்கிங்காம் கால்வாய். அந்தப் பேர், பெரும்பஞ்சக் காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவிடமிருந்து வந்தது. 1876ல் மழை பொய்த்தது. 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு வெட்டப்பட்டது. பசியில் வந்தவங்க மண் வெட்டினாங்க, அதுக்குக் கூலி.

அந்தக் கூலியின் அளவு வரலாற்றில் பேர் பெற்றது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தது, வேலை செய்கிற ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், மேலே கொஞ்சம் சில்லறைக் காசு. பருப்பு கிடையாது, காய்கறி கிடையாது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். அதே வருஷம் அளவு கொஞ்சம் உயர்ந்தது, பருப்பும் சேர்ந்தது. அதற்குள் முகாம்களில் பேதி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

பசியில் செத்தாங்கன்னு நாம ஒரே வார்த்தையில் முடிச்சிடறோம். நிஜத்தில் பஞ்சத்தில் பெரும்பாலானவர்களை முடித்து வைப்பது பேதி, சீதபேதி, காலரா, காய்ச்சல். சத்தில்லாத உடம்பில் குடலின் உள்சுவர் மெலிஞ்சு போகும். சோறு கிடைத்தாலும் அது ஒட்டாது, தண்ணியாகப் போய்க்கொண்டே இருக்கும். சென்னையில் பஞ்ச நோயாளிகளைப் பார்த்து, இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனையும் செய்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், 1889ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். மெட்ராஸ் பஞ்சத்தின் நோய்கள் என்பதுதான் அதன் பொருள்.

ராணுவ அதிகாரி வில்லோபி ஹூப்பர் எடுத்த பஞ்சப் புகைப்படங்களை இணையத்தில் பார்த்திருப்பீங்க. எலும்பும் தோலுமாக, வெறும் தரையில் உட்கார வெச்சு எடுத்தது. நான் முன்னாடி அந்தப் படங்களில் விலா எலும்பைத்தான் பார்ப்பேன். என் மகளுக்கு இப்படி ஆன பிறகு வேற ஒண்ணு தோணுச்சு. உட்காரச் சதை இல்லாத உடம்பு. நிற்காத பேதி. மாற்றுத் துணி கிடையாது, கழுவத் தண்ணி கிடையாது. அந்தத் தரையில் உட்காருவது அவங்களுக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்? சாவுக்குக் கணக்கு உண்டு, எரிச்சலுக்குக் கணக்கு கிடையாது. வலி எல்லாம் லாக் ஃபைலில் ஏறுவதில்லை.

சரி, ஏன் எரியுது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க, அந்தப் பஞ்சத்திலிருந்து இன்னும் 100 வருஷத்துக்கு மேல் ஆச்சு.

முதலில் வந்த பதில்: அம்மோனியா. குழந்தையின் ஈரத்துணியில் மூக்கைத் துளைக்கிற நெடி வருமே, அதுதான். 1921ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜே. வி. குக், சிறுநீரை அம்மோனியாவாக மாற்றுகிற ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சார். குற்றவாளி சிக்கிட்டான்னு எல்லாரும் நினைச்சாங்க. நெடி இருக்கு, புண் இருக்கு, கிருமியும் இருக்கு. கேஸ் க்ளோஸ்.

அம்மோனியாதான் காரணம்னா, துணியைச் சரியாகத் துவைக்காத அம்மாதான் குற்றவாளி. தீர்வு என்ன? துணியில் இருக்கிற கிருமியைக் கொல்லணும். கொல்லுவதற்கு எடுத்த ஆயுதங்களைக் கேட்டால் இன்னைக்கு நமக்குக் குலை நடுங்கும். பாதரசக் கலவையில் துணியை அலசுவது ஒன்று. போரிக் பவுடர் தூவுவது இன்னொன்று.

போரிக் பவுடர் நல்ல தோலில் போட்டால் பெரிசா உள்ளே போகாது. புண்ணான தோலில் போட்டால் நேராக ரத்தத்துக்குப் போகும். 1953ல் கோல்ட்புளூம் என்ற பேருடைய ரெண்டு மருத்துவர்கள், உலகம் முழுக்கப் பதிவான 109 போரிக் அமில நச்சு நேர்வுகளைத் தொகுத்து வெளியிட்டாங்க. அதில் நிறைய பேர் பச்சைக் குழந்தைகள். 1972ல் பிரான்ஸில் மோரான்ஜ் என்ற குழந்தைப் பவுடரில், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதம் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தன. பாதரசக் கதையும் ரொம்பப் பழசு இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில், துணி டயபர் துவைத்துக் கொடுக்கிற ஒரு லாண்டரி, பாதரசச் சேர்மம் கலந்து அலசிக் கொடுத்ததில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. டயபர் ராஷால் குழந்தை சாகாது. அதைச் சரிபண்ணப் போட்டதில் செத்திருக்கு. என் சாஃப்ட்வேர் வாழ்க்கையில் இதுக்கு ஒரு பேர் உண்டு: தப்பான ரூட் காஸை வெச்சுக்கிட்டு ப்ரொடக்ஷனில் கைவைக்கிறது.

இந்த அம்மோனியாக் கதையை உடைத்தது ஒரு எளிமையான சோதனை. 1977ல் ஜேம்ஸ் லெய்டன், ஆல்பர்ட் கிளிக்மன் குழு, ராஷ் இருக்கிற குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ஒப்பிட்டது. அம்மோனியா அளவிலும் சரி, அதைத் தயாரிக்கிற கிருமிகளிலும் சரி, பெரிய வித்தியாசமே இல்லை. 56 வருஷமாக ஜெயிலில் இருந்தவன் நேரடிக் கொலையாளி இல்லைன்னு தெரிஞ்சது.

அப்போ யார்? 1986ல் பெர்க், பக்கிங்காம் ஆகியோரின் ஆய்வுகள் பதில் சொன்னது. (ஆமா, இவரும் ஒரு பக்கிங்காம். கால்வாய்க்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) குற்றவாளி மலத்திலேயே இருக்கிற செரிமான நொதிகள். புரதத்தைக் கரைக்கிற நொதி, கொழுப்பைக் கரைக்கிற நொதி. நம்ம வயிற்றில் பருப்பையும் நெய்யையும் கரைக்க உடம்பே தயாரிப்பது. தோலும் புரதம், கொழுப்பால் ஆனதுதானே? நொதிக்குப் பருப்புன்னும் தெரியாது, பாப்பான்னும் தெரியாது. கரைச்சிடும்.

சாதாரண நாளில் இந்த நொதிகள் பெருங்குடலில் மெதுவாக நகரும்போது பெரும்பாலும் சிதைஞ்சு போயிடும். பேதியில் எல்லாம் எக்ஸ்பிரஸ் வேகம். நொதிகள் உயிரோடு வெளியே வருது, கூடவே பித்த உப்பும் வருது. நம்ம தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 5 வாக்கில். இந்த நொதிகளுக்கு அமிலம் பிடிக்காது, காரம்தான் பிடிக்கும். சிறுநீரிலிருந்து வருகிற அம்மோனியா அங்கேதான் உள்ளே வருது. அது தோலைச் சுடுவதில்லை, தோலின் அமிலத்தன்மையைக் குறைத்து நொதிகளுக்குக் கதவைத் திறந்துவிடுது. அதோடு டயபருக்குள்ள ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் தோல் ஊறிப்போகும். மழையில் ரொம்ப நேரம் நனைஞ்ச விரல் நுனி மாதிரி. ஊறின தோலைத் தேய்த்தால் உரியும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்றேன், எனக்காக: ஊறின தோலைத் தேய்த்தால் உரியும். என் மகளுக்கு நொதி பாதி வேலையைப் பண்ணுச்சு. மீதியை நான் பண்ணேன். பெரும்பாலான சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவுவது, நொதிக்கு நாமே பால் ஊற்றி வளர்க்கிற மாதிரி.

இப்போ ஆயாவின் வேட்டித்துணிக்கு வருவோம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கல்பாக்கம். அதை ஒட்டி சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் சட்ராஸ். அங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இன்னும் நிற்கிறது, உள்ளே செதுக்கிய கல்லறைகளோடு. 17ம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி இங்கே உட்கார்ந்ததுக்கு முக்கியக் காரணம் துணி. சுற்றியிருந்த ஊர்களில் நெய்த மெல்லிய பருத்தி, மஸ்லின். இங்கிலாந்தில் இன்னைக்கும் குழந்தைக்கு வாய் துடைக்க, தோளில் போட்டுக்கொள்ள வைத்திருக்கிற மெல்லிய துணிக்கு மஸ்லின் என்றுதான் பேர். நம்ம கடற்கரையில் நெய்தவங்க வீட்டில், புதுத்துணி கப்பலுக்கு, பழந்துணி பிள்ளைக்கு என்றுதான் இருந்திருக்கும். நூறு தடவை துவைத்த பருத்தியை விட மெத்துன்னு எதுவும் கிடையாது. காற்று போகும், ஈரம் தெரியும், ஈரம் தெரிந்தவுடனே அம்மா மாற்றுவாள்.

அந்த கடைசிப் பாயிண்ட்தான் முக்கியம். டயபர் வில்லன் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிடறேன். 1951ல் மரியன் டோனவன் என்ற அமெரிக்க அம்மா, துணி மேல் போடுகிற நீர்புகா உறைக்குக் காப்புரிமை வாங்கினார். தூக்கிப் போடுகிற பேம்பர்ஸ் 1961ல் வந்தது. 1980களில் தண்ணியை உறிஞ்சி ஜெல்லாக மாற்றுகிற பாலிமர் உள்ளே போனது. அது சிறுநீரைத் தோலிலிருந்து நன்றாகவே பிரிக்கும். வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு என் மனைவியைக் கேளுங்க. ஆனால் பேதியை அது முழுசாக உறிஞ்சாது, நொதி தோல் மேலேயே நிற்கும். வெளியே தெரியாததால் நாமும் மாற்ற மாட்டோம். பேதி நாளில் டயபரின் நல்ல குணமே கெட்ட குணம் ஆயிடும்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி: துத்தநாகம்.

பெர்லினில் ஆஸ்கர் லாசர்னு ஒரு தோல் மருத்துவர், 1849ல் பிறந்தவர். துத்தநாக ஆக்ஸைடையும் ஸ்டார்ச்சையும் பெட்ரோலிய ஜெல்லியில் குழைத்து ஒரு பசை செய்தார். லாசர் பசைன்னு இன்னைக்கும் பேர். அந்த ஜெல்லியை, வாசலின் என்ற பேரில், 1872ல் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கியிருந்தார். இன்னைக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற வெள்ளை நிற டயபர் ராஷ் க்ரீம் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். அது புண்ணை ஆற்றுகிற மாயமருந்து இல்லை. நொதிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சுவர். நம்ம சித்த மருத்துவத்தில் நாகம்னா பாம்பு இல்லை, துத்தநாகம். நாக பற்பம் மூலத்துக்குக் கொடுக்கிற மருந்து. அதே உலோகம், கிட்டத்தட்ட அதே இடம். (இதைக் கேட்டுட்டு யாரும் குழந்தைக்குப் பற்பம் கொடுத்துடாதீங்க.)

வெளியே பூசுகிற துத்தநாகம் உள்ளேயும் வேலை செய்யுமா? 1942ல் நார்வே மருத்துவர் டான்போல்ட், தன் சக மருத்துவர் குளோஸுடன் சேர்ந்து ஓர் அபூர்வப் பரம்பரை நோயை விவரித்தார். குழந்தைக்கு நிற்காத பேதி, வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண். ஏன்னு தெரியலை. 1973ல் லண்டனில் எட்மண்ட் மொய்னஹன் கண்டுபிடித்தார்: அந்தக் குழந்தைகளின் உடம்பு துத்தநாகத்தை உறிஞ்சவில்லை. துத்தநாகம் கொடுத்ததும் பேதியும் நின்றது, தோலும் ஆறியது. மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதையே ஈரானில் வேலை பார்த்த பீகார்க்காரர், டாக்டர் ஆனந்த பிரசாத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். 1995ல் டெல்லியில் சுனில் சசவால், எம். கே. பான் குழு, சாதாரண பேதி வந்த குழந்தைகளுக்கே துத்தநாகம் கொடுத்துப் பார்த்தது. பேதி சீக்கிரம் நின்றது. 2004ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதைப் பரிந்துரையாக்கின. ஓ.ஆர்.எஸ். கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாகம், ஆறு மாசத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. எங்க டாக்டர் சீட்டில் எழுதியது இதைத்தான். அவர் எழுதும்போது எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

ஓ.ஆர்.எஸ். கதையையும் சொல்லாமல் போக முடியாது, ஏன்னா ஆயாவின் தப்பு அங்கேதான் இருக்கு. பேதின்னா தண்ணியையும் பாலையும் நிறுத்தணும்னு நினைச்சது ஆயா மட்டும் இல்லை. குடலுக்கு ஓய்வு கொடுக்கணும்னு மருத்துவப் புத்தகங்களே ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தது. 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்கானில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பைத் தண்ணியில் கரைத்து, கூட இருந்த அம்மா, அக்கா, அண்ணன் கையில் கொடுத்தார். நீங்களே ஊட்டுங்கன்னார். கிட்டத்தட்ட 30 சதவீதமாக இருந்த இறப்பு அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. நோயாளியின் பக்கத்தில் இருக்கிறவங்க குற்றவாளி இல்லை, அவங்கதான் மருத்துவர். 2022ல் அவர் இறந்தார், 2023ல் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

இன்னும் ஒரு படி முன்னாடி போகலாம். பேதியே வராமல் இருந்தால்? குழந்தைகளுக்குக் கடுமையான பேதி வர முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். 1973ல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழு கண்டுபிடித்தது. நம்ம நாட்டுத் தடுப்பு மருந்து ரோட்டாவேக், 1980களில் டெல்லியில் பிறந்த, நோயே காட்டாத பச்சைக் குழந்தையிடம் கிடைத்த வைரஸிலிருந்து வந்தது. பின்னாடி இருந்தவர் அதே எம். கே. பான். சோதனை நடந்த மூணு இடங்களில் ஒண்ணு நம்ம வேலூர். 2017ல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. 6, 10, 14 வாரங்களில், இலவசமாக. கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குப் பாதி தடுக்கும். என் மகள் போட்டிருந்தாள், இருந்தும் வயித்தால போச்சு. ஆனா ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கலை.

இனி கைக்கு வேண்டியது. நான் டாக்டர் இல்லை, எங்க டாக்டர் சொன்னதையும் படிச்சதையும் சொல்றேன்.

ஒவ்வொரு தடவை போனதும் உடனே மாற்றுங்க. வெதுவெதுப்பான தண்ணியை ஊற்றிக் கழுவுங்க, தேய்க்காதீங்க. மெல்லிய துணியால் ஒத்தி எடுங்க. முடிஞ்ச நேரம் காத்தாட விடுங்க. அப்புறம் துத்தநாக க்ரீமையோ வெறும் பெட்ரோலிய ஜெல்லியையோ, கேக் மேல ஐசிங் மாதிரி தடிமனாகப் பூசுங்க. அடுத்த தடவை அழுக்கான மேல் அடுக்கை மட்டும் எடுங்க. கீழே க்ரீம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும், அதைச் சுரண்டி எடுப்பதில்தான் தோல் போகும். சிவந்த பிறகு ஆரம்பிக்காதீங்க, முதல் பேதியிலேயே பூச ஆரம்பிங்க. பவுடர் வேண்டாம், வாசனை வைப்ஸ் வேண்டாம், மஞ்சள், சோடா உப்பு மாதிரி வீட்டுப் பரிசோதனை எதுவும் புண் மேல வேண்டாம். படுத்த படுக்கையா இருக்கிற தாத்தா, ஆயாவுக்கும் இதே வழிதான்.

மெடிக்கல் ஷாப்பில் "ராஷுக்கு ஒரு ட்யூப்"னு கேட்டால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த ஒண்ணை நீட்டுவாங்க. எங்களுக்கும் ஓர் இடத்தில் நீட்டினாங்க. சீட்டு இல்லாமல் அதை வாங்காதீங்க. மூடின டயபருக்குள் ஸ்டீராய்டு ரொம்ப வேகமா உள்ளே போகும். மடிப்புகளுக்குள் சிவந்து, சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் வந்தால் அது பூஞ்சையா இருக்கலாம். சீழ், ரத்தம், காய்ச்சல், மூணு நாளாகியும் ஆறாத புண்ணுக்கு டாக்டர்கிட்ட போங்க. மலத்தில் ரத்தம், கண் குழிவிழுந்து சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாதது, இதில் எது இருந்தாலும் அப்போதே கிளம்புங்க. தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தாதீங்க.

எங்க வீட்டில் நாலாவது நாள் தோல் வறண்டு, அஞ்சாவது நாள் சிவப்பு மங்கிடுச்சு. பாப்பா மறுபடி உட்கார ஆரம்பிச்சா.

சென்னைக்குக் கிளம்புற அன்னைக்கு ஆயா, நாலு பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு ஒரு பையில் போட்டுக் கொடுத்தாங்க. நான் அவங்ககிட்ட, "ஆயா, பால் நிறுத்தச் சொன்னீங்களே, அது தப்பு ஆயா"ன்னு மெதுவா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க காலத்துல அப்பிடித்தான்டா சொன்னாங்க. உங்கப்பனுக்கு முன்னாடி ஒண்ணு போயிடுச்சு எனக்கு. வயித்தால போயித்தான்"னாங்க.

எனக்கு அது தெரியாது. என் அப்பாவுக்கு முன்னாடி ஒரு குழந்தை இருந்தது என்பதே இத்தனை வருஷத்தில் யாரும் என்கிட்ட சொன்னதில்லை. அந்தக் குழந்தைக்கு எந்தப் பதிவேட்டிலும் பேர் இருக்குமான்னு தெரியலை. ஆனா அந்தக் குழந்தையைக் கழுவிக் கழுவி, ஒத்தி ஒத்திக் காத்தாட விட்ட கை எதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது, தண்ணி கொடுக்கணும் என்பதைத் தவிர. அதை அந்தக் கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை.

கார் திருக்கழுக்குன்றம் தாண்டினதும் என் மனைவிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, வண்டியைப் பார்த்து ஓட்டு"ன்னா. இப்போ உங்க எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை கேட்டுக்கறேன்.

உங்க வீட்டிலும் ஒரு ஆயா இருந்தா, இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. பால் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. அப்புறம் போனை அணைச்சிட்டு, அவங்க சொல்றதையும் கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.